பழைய கூரைக்கு நீர்த்தடுப்புப் பூச்சு: வாளியைத் திறப்பதற்கு முன்

கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதுவும் நாள் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும் மழை இல்லை. காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், பிற்பகலில் இருட்டிக்கொண்டு வரும், அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இது கிட்டத்தட்ட அன்றாட நடப்பு. செந்தூல், கெப்போங், பழைய கிள்ளான் சாலைப் பக்கம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வரிசை வீடுகள் இந்த வெயிலையும் மழையையும் நாற்பது ஐம்பது வருடமாகத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் கூரை ஒழுகுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

சமையலறை சீலிங்கில் பழுப்பு விளிம்போடு ஒரு கறை தெரிந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான்: ஹார்ட்வேர் கடைக்குப் போய் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதிய டின் ஒன்றை வாங்கி வந்து, மேலே ஏறி அடித்துவிட்டு இறங்குவது. அடுத்த மழைக்காலத்தில் கறை திரும்ப வரும். டின்னைக் குறை சொல்வோம். பெரும்பாலும் குறை டின்னில் இருக்காது. அந்தப் பூச்சு என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரியாமல் அடித்ததுதான் காரணம்.

பெயிண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்கும்போது கெட்டியான திரவம். காய்ந்த பிறகு கூரைமேல் ஒட்டிக்கொண்ட ரப்பர் படலம். எங்கேயும் இணைப்பு இல்லாத ஒரே படலம் என்பதுதான் அதன் பலம். தாள் போல விரிக்கும் பொருள்களுக்கு ஓரங்களும் மேற்பொருத்தும் இடங்களும் உண்டு. தண்ணீர் அங்கேதான் வழி தேடும்.

சுவருக்கு அடிக்கும் சாதாரண பெயிண்ட் இரண்டு கோட் காய்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது சந்தேகம். நீர்த்தடுப்புப் பூச்சு அதைப்போல் பத்து மடங்கு தடிமனாக, சுமார் 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதோடு இழுத்தால் நீள வேண்டும். ஏன் நீள வேண்டும்? கூரை அசையும் பொருள். நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பகல் உச்சியில் கருத்துப்போன கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். மழை கொட்டியதும் 25 டிகிரிக்கு இறங்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் கான்கிரீட் தன் நீளத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு விரியும் அல்லது சுருங்கும். 10 மீட்டர் நீளமுள்ள தளம் முழுதும் 35 டிகிரி குளிர்ந்தால் மூன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். தளத்தின் அடிப்பகுதி மேற்பரப்பு அளவுக்குச் சூடாவதில்லை என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே அசையும். இருந்தாலும் அந்த அசைவு வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் வந்து சேரும். தளத்தோடு சேர்ந்து அசைய முடியாத பூச்சு அங்கேதான் கிழியும். வெறும் சிமெண்டுப் பாலை ஊற்றி வெடிப்பை அடைத்தால் சில மாதங்களில் அதே இடத்தில் மயிரிழை போல மறுபடி தெரிவதும் இதனால்தான்.

எல்லாக் கூரைக்கும் ஒரே வைத்தியம் இல்லை

நம் வரிசை வீடுகளில் பெரும்பாலும் மூன்று விதக் கூரை ஒன்றாக இருக்கும். முன்பக்கமும் படுக்கையறை மேலும் ஓடு. பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைக்குத் தட்டையான கான்கிரீட் தளம். துணி காயப்போடும் இடத்துக்கோ கார் நிறுத்தும் இடத்துக்கோ தகரம். பூச்சுக்கு உண்மையான வேலை கான்கிரீட் தளத்திலும் தகரத்திலும்தான். ஓட்டுக் கூரையில் அதன் வேலை மிகக் குறைவு.

ஓட்டுக் கூரை தண்ணீரைத் தடுப்பதில்லை, வழிந்தோட விடுகிறது. ஒரு ஓட்டின் விளிம்பு அடுத்ததன்மேல் படிந்திருக்கும். சரிவில் தண்ணீர் அப்படியே ஓடி இறங்கிவிடும். ஓடு நகர்ந்துவிட்டாலோ உடைந்துவிட்டாலோ முகட்டோட்டின் சாந்து வெடித்துவிட்டாலோதான் ஒழுகும். இதற்கு மருந்து ஓட்டை மாற்றுவதும் முகட்டுச் சாந்தைப் புதிதாகப் பூசுவதும், சுவரோடு கூரை சேரும் இடத்தில் தகரத்தைச் சரியாகப் பொருத்துவதும்தான். பழைய சிமெண்டு ஓடு மழைநீரை உறிஞ்சிப் பாசி பிடிக்கிறது என்றால் கழுவிவிட்டு ஓட்டுக்கென்றே வரும் பூச்சை அடிக்கலாம். உறிஞ்சுவது குறையும், நிறமும் திரும்பும். ஆனால் ஓடும் ஓடும் சேரும் இடைவெளிகளைத் தடிமனான பூச்சால் அடைத்துவிடக் கூடாது. அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே போன ஈரம் வெளியேறுகிறது. அடைத்துவிட்டால் ஈரம் கீழேயே தங்கி, ரீப்பரும் கைமரமும் உளுத்துப்போகும்.

பழங்காலக் கட்டடங்களில் இது இன்னும் முக்கியம். 1881இல் தீயும் வெள்ளமும் வந்து அத்தாப்பு (ஓலை) வேய்ந்த குடிசைகளாக இருந்த கோலாலம்பூர் அழிந்த பிறகுதான் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக நகரத்தைத் திரும்பக் கட்டினார்கள். அந்தக் காலத்துக் கடைவீடுகளின் செங்கல் சுவரைக் கட்டியதும் பூசியதும் சுண்ணாம்புச் சாந்தால். ஓடு சுட்ட மண். ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும் கட்டுமானம் அது. அதன்மேல் காற்றுப் புகாத ரப்பர் பூச்சு அடித்தால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் உப்போடு சேர்ந்து சாந்தையே பொடியாக்கிவிடும். 2008இல் உலகப் பாரம்பரியத் தலமான பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடைவீடு வைத்திருப்பவர்கள் பூச்சுக் கடைக்குப் போகும் முன் மாநகராட்சியிலும் பாரம்பரியப் பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலகத்திலும் கேட்டுவிடுவது நல்லது. அந்தக் கூரைக்குப் பொருத்தமான ஓடும் சுண்ணாம்புச் சாந்தும்தான் சரியான பழுதுபார்ப்பு என்பது என் உறுதியான கருத்து.

தகரக் கூரையில் முதலில் பார்க்க வேண்டியது திருகாணிகளை. திருகாணித் தலைக்குக் கீழே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பத்துப் பதினைந்து வருட வெயிலில் அது காய்ந்து பிளந்துவிடும். ஒழுகலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வரும். வளையத்தோடு திருகாணியை மாற்றி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு ப்ரைமர் அடித்து, தகரம் தகரத்தோடு சேரும் இடத்தில் துணிப் பட்டை ஒட்டிய பிறகுதான் பூச்சு. விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்குத் துருப்பிடித்த தகரத்துக்குப் பூச்சு வீண்செலவு. அந்தத் தகரத்தையே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் சாம்பல் நிறத்தில் அலையலையாக இருக்கும் சிமெண்டுத் தாள் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைத் தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள், அழுத்த நீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் நார் நுரையீரலில் போய்த் தங்கினால் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். அந்த வேலை தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

வாளிக்குள் என்ன இருக்கிறது?

கடைகளில் பெயர்கள் நூறு இருந்தாலும் குடும்பங்கள் சிலவே. அக்ரிலிக் தண்ணீரில் கலந்து வருவது. நாற்றம் இல்லை, அடிக்க எளிது, வெயிலை நன்றாகத் தாங்கும், வெள்ளை நிறத்தில் கிடைக்கும். சொந்தமாக அடிப்பவர்களுக்கு இதுதான் ஏற்றது. அதன் பலவீனம் தேங்கும் தண்ணீர். மழை நின்று இரண்டு நாளாகியும் குட்டை வற்றாத தளத்தில் அக்ரிலிக் மெதுவாக இளகி, உரிந்து வரும்.

பாலியுரேதேன் அதைவிட உறுதியானது, நடமாட்டத்தையும் தாங்கும். கரைப்பான் நாற்றம் கடுமை. முகக்கவசமும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். இதன் சில வகைகள் வெயிலில் மஞ்சளித்து மேற்பரப்பு பொடியாகும் என்பதால், மேலே வெயில் தாங்கும் ஒரு கோட் தனியாக அடிப்பார்கள். சிலிக்கான் தேங்கிய தண்ணீரையும் வெயிலையும் மற்ற எதையும்விட நன்றாகத் தாங்கும். ஆனால் தூசியை இழுத்துக்கொள்ளும், ஈரமானால் கால் வழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன்மேல் சிலிக்கானைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. ஒருமுறை சிலிக்கான் என்றால் பிறகு எப்போதும் சிலிக்கான்தான்.

கறுப்பாகத் தாரைப் போல இருக்கும் பிட்டுமன் பூச்சு விலை மலிவு. நேராக வெயில் படும் இடத்தில் வறண்டு, பாளம் பாளமாக வெடிக்கும். கறுப்பு நிறம் சூட்டையும் உள்ளே இழுக்கும். மண்ணுக்குள் போகும் சுவருக்கு அது பொருத்தம், வெயில் காயும் தளத்துக்கு நான் சொல்ல மாட்டேன். சிமெண்டுப் பொடியும் திரவமும் கலந்து அடிக்கும் வகை குளியலறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நல்லது. திறந்த தளத்தில் அடிப்பதானால் வளையும் தன்மையுள்ளதா என்று டின்னில் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளைப் பூச்சில் இன்னொரு லாபமும் உண்டு. புதிதாக இருக்கும்போது வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். தளம் குறைவாகச் சூடாகும், குறைவாக விரியும், கீழே சமையலறையிலும் அனல் குறையும். அழுக்குப் படியப் படிய இந்தப் பலன் குறைந்துகொண்டே போகும்.

தடிமன்தான் எல்லாம்

நேரம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். ஏமாற்றமும் ஏமாற்றும் இங்கேதான் நடக்கின்றன.

1 லிட்டர் பூச்சை 1 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரமாக இருக்கும்போது தடிமன் சரியாக 1 மில்லிமீட்டர். அக்ரிலிக்கில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அது ஆவியாகிப் போனால் மிஞ்சுவது அரை மில்லிமீட்டர். ஆகவே 1 மில்லிமீட்டர் காய்ந்த தடிமன் வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 2 லிட்டர் போக வேண்டும்.

20 அடிக்கு 10 அடி சமையலறைத் தளம் என்று வைத்துக்கொள்வோம். 200 சதுர அடி, அதாவது 18.6 சதுர மீட்டர். 37 லிட்டர் தேவை. கைப்பிடிச் சுவரின் அடிப்பகுதிக்கும் சேதாரத்துக்கும் சேர்த்தால் 20 லிட்டர் வாளி இரண்டு முழுதாகக் காலியாக வேண்டும். இப்போது ஒரு குத்தகையாளர் ஒரே ஒரு வாளியோடு வந்து, “அக்கா, இது போதும், ரெண்டு கோட் நல்லா அடிச்சுக் கொடுத்திடுறேன், அஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேணாம்” என்கிறார். “தம்பி, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர் போடுவீங்க?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேலையைக் கொடுக்காதீர்கள். எத்தனை கோட் என்பது ஒரு பொருட்டே அல்ல. மொத்தம் எத்தனை லிட்டர் இறங்கியது என்பதுதான் கணக்கு. ஒரே வாளியில் தண்ணீர் கலந்து நான்கு கோட் அடித்தாலும் காய்ந்த பிறகு மிஞ்சுவது அதே அரை மில்லிமீட்டர்தான். முதல் கோட்டை மட்டும் ப்ரைமர் போல நீர்க்க அடிக்கச் சில டின்களில் எழுதியிருக்கும், அது சரி. அடுத்தவற்றை டின்னிலிருந்து எடுத்தபடியே அடிக்க வேண்டும்.

தடிமன் வேண்டும் என்று ஒரேயடியாக ஊற்றிவிடவும் கூடாது. மேலே காய்ந்து, உள்ளே பச்சையாக நின்றுவிடும். மூன்று கோட்டாகப் பிரித்து, ஒன்றை நீளவாக்கில் அடித்தால் அடுத்ததைக் குறுக்கே அடியுங்கள். முதல் கோட் சாம்பல், அடுத்தது வெள்ளை என்று நிறத்தை மாற்றிக்கொண்டால் விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அடிப்பதற்கு முந்தைய வேலை

தூரிகையைத் தொடுவதற்கு முன் ஆகும் வேலைதான் அதிகம்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சீலிங்கில் கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் கம்பி வழியாகவும் சட்டத்தின் வழியாகவும் எங்கோ ஓடி, எங்கோ சொட்டும். மழை இல்லாத நாளில் ரப்பர் குழாயால் தாழ்வான பகுதியில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டு மேலே நகர்ந்து வாருங்கள். கீழே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீட்டிக் கட்டிய சமையலறைகளில் நான் முதலில் சந்தேகப்படுவது புதுத் தளம் பழைய வீட்டுச் சுவரைத் தொடும் கோட்டை. இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அடித்தளத்தில் கட்டியவை. தனித்தனியாகத்தான் அசையும். அடுத்தது மழைநீர்க் குழாயின் வாய்.

சீலிங்கின் அடிப்பக்கத்தில் பூச்சு அடித்து ஒழுகலை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீர் பின்னாலிருந்து தள்ளும். பூச்சு உரிந்து விழும்.

பிறகு தளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பாசி, பழைய உரிந்த பெயிண்ட், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போக வேண்டும். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி கேட்கும் இடத்தில் சாந்து தளத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறது; பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். தளத்தின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் பூச்சு வேலையை நிறுத்திவிட்டு முதலில் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். துரு கம்பியின் பருமனைக் கூட்டிக் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டே இருக்கும். மேலே வெள்ளையாகப் பூசிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

வெடிப்பை ஆங்கில வி எழுத்து வடிவில் வெட்டி அகலப்படுத்தி, தூசி போக்கி, பாலியுரேதேன் சீலன்ட் நிரப்ப வேண்டும். அதன்மேல் பூச்சு ஒரு கை அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையைப் படிய வைத்து, மேலே இன்னொரு கை. தளமும் சுவரும் சேரும் மூலைகளுக்கும் குழாய் வாயைச் சுற்றியும் இதே முறைதான். கூர்மையான மூலையில் பூச்சு மெலிந்துவிடும் என்பதால் அங்கே சிமெண்டுச் சாந்தால் சின்னச் சரிவு ஒன்று கட்டிவிடுவார்கள். பூச்சு சுவரில் 15 சென்டிமீட்டராவது மேலேற வேண்டும். தளத்தோடு நிறுத்தினால் தண்ணீர் அதன் விளிம்புக்குப் பின்னால் நுழைந்துவிடும்.

தண்ணீர் தேங்கும் பள்ளங்களை இந்தக் கட்டத்திலேயே சாந்து போட்டுச் சரிவாக்குங்கள். குழாயை நோக்கி மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். இந்த ஊரில் தேங்கிய தண்ணீர் என்றால் ஏடிஸ் கொசுவும் கூடவே வரும். ஒழுகலோடு டெங்கிக் கவலையும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது காய விடுவது. பலரும் பொறுமை இழப்பது இங்கேதான். கழுவிய மறுநாள் தளம் பார்வைக்கு வெள்ளையாக உலர்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் பூச்சு அடித்தால் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பூச்சைத் தள்ளும். தளமெங்கும் பூரி போல உப்பிக்கொள்ளும். 45 சென்டிமீட்டர் சதுரத்தில் பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தளத்தில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ தளம் கருத்திருந்தாலோ இன்னும் பொறுக்க வேண்டும்.

கோலாலம்பூரில் இந்த வேலைக்கு ஜூன், ஜூலை தோதான மாதங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி. எந்த மாதமானாலும் காலைப் பனி காய்ந்ததும் தொடங்கி, தளம் கொதிப்பதற்கு முன் அன்றைய கோட்டை முடித்துவிடுங்கள். மழை வருவதற்குள் காய எத்தனை மணி நேரம் வேண்டும் என்று டின்னில் எழுதியிருப்பதை இந்த ஊர்ப் புழுக்கத்துக்குக் கொஞ்சம் கூட்டியே கணக்கிடுங்கள்.

முடிந்த பிறகு

பூச்சு முழுதாக இறுக ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் குழாய் வாயை அடைத்து, தளத்தில் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் கழித்துக் கீழே பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. பழைய தளம் என்பதால் ஆழம் 25 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். நாம் கணக்குப் போட்ட சமையலறைத் தளத்தில் அதுவே 465 கிலோ எடை. தளத்தின் உறுதியில் சந்தேகம் இருந்தால் தண்ணீர் கட்டாமல் குழாயால் நீண்ட நேரம் பீய்ச்சிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குத்தகையாளரிடம் கடைசிப் பணத்தை இந்தச் சோதனைக்குப் பிறகு தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அவர் மலேசியக் கட்டுமானத் துறை மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிவு செய்தவரா என்பதையும் வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுக்குமாடியில் மேல்மாடியில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொட்டைமாடி பெரும்பாலும் பொதுச்சொத்து. அங்கே நீங்களாக ஏறிப் பூசக் கூடாது; நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள், பழுதுபார்ப்பது அவர்கள் பொறுப்பு.

அதற்குப் பிறகு பெரிய வேலை எதுவும் இல்லை. செப்டம்பர் வாக்கில் ஒருமுறை மேலே போய், குழாய் வாயில் சேர்ந்த இலைகளை எடுத்துவிட்டு, மூலைகளையும் வெடிப்பு அடைத்த இடங்களையும் பாருங்கள். ஓரம் கிளம்பியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, வலை வைத்துத் திரும்ப அடித்தால் போதும். பூச்சு முழுதும் உரியும் வரை காத்திராமல், மெலிந்து அடித்தளம் லேசாகத் தெரியத் தொடங்கும்போதே கழுவி இன்னும் இரண்டு கோட் கொடுத்தால், எல்லாவற்றையும் சுரண்டி முதலிலிருந்து தொடங்கும் செலவு மிச்சமாகும். எந்த வகைப் பூச்சு, எப்போது அடித்தது, எத்தனை லிட்டர் போனது என்று டின்னைப் படம் பிடித்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேலை செய்ய வருபவர் முதலில் கேட்க வேண்டியது, கீழே இருப்பது அக்ரிலிக்கா சிலிக்கானா என்பதைத்தான்.